சுவரின் உள்ளே ஓர் இடைவெளி

நுழையும்முன்

கட்டடம் என்றதும் கண்ணில் படுவன சுவரும் கதவும் சாளரமும் கூரையுமே. பூச்சுக்குள் மறைந்துபோகும் வேலைகள் எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆயினும் மழைநீரும் குளிரும் நெருப்பும் தமக்கான வழியைத் தேடுவது அந்த மறைவிடங்களில்தான். சுவரின் நடுவே இடைவெளி விடப்படுவது எதற்காக, கதவு சாளரத் திறப்புகளைச் சுற்றி அவ்விடைவெளி ஏன் மூடப்பட வேண்டும், மூடாது விட்டால் நேர்வது என்ன என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

சாளரத்திற்குத் தமிழில் வழங்கிய பழம்பெயர்களுள் ஒன்று காலதர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி எனப் பொருள் தரும் இச்சொல், சாளரத்தின் முதற்பயனை ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. ஆனால், சுவரில் ஒரு வழியைத் திறந்தால் காற்றும் ஒளியும் மட்டுமே வரும் என்று சொல்ல இயலாது. சாரலும் குளிரும் புழுக்கமும் ஓசையும் அவ்வழியே வர முயலும். ஆகவே திறப்பு அமைத்தல் என்பது, வேண்டியவற்றிற்கு வழிவிடுதலும் வேண்டாதவற்றைத் தடுத்தலும் ஆகிய இரு பணிகளை ஒருங்கே செய்வதாகும். இவற்றுள் முதற்பணியைச் சாளரம் செய்கிறது. இரண்டாம் பணியின் பெரும்பகுதியைச் சாளரத்தைச் சுற்றியுள்ள சுவரின் விளிம்பு செய்கிறது.

இடைவெளிச் சுவர்

நம் ஊர்களில் செங்கல் சுவர் பெரும்பாலும் ஒரே கட்டாக, உள்ளே வெற்றிடம் இன்றிக் கட்டப்படுகிறது. மழையும் குளிரும் மிகுந்த பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே செங்கல் சுவர் மழைநீரை உறிஞ்சி, நாளடைவில் உட்புறத்திற்குக் கடத்தியது. வீட்டின் உட்சுவர்கள் ஈரமேறிப் பூஞ்சை பிடித்தன. இதற்குத் தீர்வாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு முறை உருவாகி, முதல் உலகப்போருக்குப் பின் அங்குப் பரவலாயிற்று. ஒரே தடித்த சுவருக்கு மாற்றாக, மெல்லிய சுவர்கள் இரண்டை அருகருகே எழுப்பி, நடுவே ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் இடைவெளி விடுவதே அம்முறை. இதனை இடைவெளிச் சுவர் எனலாம்.

வெளிச்சுவர் மழையில் நனையும். அதனை ஊடுருவும் நீர் இடைவெளியை அடைந்ததும், மேற்கொண்டு செல்லப் பாதையின்றி வெளிச்சுவரின் உட்பக்கத்திலேயே வழிந்து கீழிறங்கும். உட்சுவர் உலர்ந்தே நிற்கும். இரு சுவர்களும் தனித்தனியே சாய்ந்துவிடாமல் இருக்க, உலோகப் பிணைப்பிகள் இடையிடையே அவற்றை இணைத்து நிற்கும். 1970களுக்குப் பின் எரிபொருள் சிக்கனம் இன்றியமையாததாக ஆனபோது, அதே இடைவெளியில் வெப்பக்காப்புப் பொருளை நிரப்பும் வழக்கமும் வளர்ந்தது. இவ்வாறு நீரைத் தடுக்கப் பிறந்த வெற்றிடம், வெப்பத்தைக் காக்கும் இடமாகவும் ஆயிற்று.

திறந்த வாய்

இடைவெளிச் சுவரின் பயன் முழுவதும் ஒரே நிபந்தனையைச் சார்ந்தது: வெளிச்சுவரும் உட்சுவரும் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஆனால், கதவுக்கோ சாளரத்திற்கோ திறப்பு விடும்போது சுவர் அங்கே முடிவடைகிறது. அப்பொழுது இரு சுவர்களுக்கு நடுவேயுள்ள இடைவெளி வாய் திறந்த நிலையில் நிற்கிறது. அதனை அப்படியே விட்டுவிட முடியாது. சாளரச் சட்டத்தைப் பொருத்துவதற்கேனும் அவ்வாயை மூடியாக வேண்டும். மூடுவது என்றால் இரு சுவர்களையும் ஏதேனும் ஒரு பொருளால் இணைத்தாக வேண்டும். தொடக்கூடாத இரண்டையும் தொடச் செய்ய வேண்டிய கட்டாயம் ஏற்படும் இடம் இது. கட்டடக் கலையின் நுட்பம் வெளிப்படும் இடமும் இதுவே.

இவ்விடத்தில் மூடும் பொருள் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். நீர் அதன் வழியே உள்ளே கடக்குமா? வெப்பம் அதன் வழியே வெளியேறுமா? நெருப்பு அதனைத் தாண்டி இடைவெளிக்குள் நுழையுமா? இவற்றுள் ஒன்றுக்கு மட்டும் விடை கண்டு மற்ற இரண்டையும் மறந்தால், மூடிய இடமே குறைபாட்டின் தொடக்கமாகிவிடும்.

நீரைத் தடுத்தல்

பழைய முறையில், உட்சுவரின் செங்கற்களைத் திறப்பின் ஓரத்தில் வெளிச்சுவரை நோக்கித் திருப்பி அடுக்கி வாயை மூடினர். திருப்பி அடுக்கிய செங்கல் நனைந்த வெளிச்சுவரை நேரடியாகத் தொட்டால், ஈரம் அதன் வழியே உள்ளே வரும். எனவே இரண்டிற்கும் நடுவே, கீழிருந்து மேல்வரை செங்குத்தாக ஈரத்தடுப்புப் படலம் ஒன்று வைக்கப்படும். தொடக்கத்தில் கற்பலகைத் துண்டுகளும் தார் பூசிய தாள்களும் இதற்குப் பயன்பட்டன. பின்னர் நெகிழிப் படலங்கள் வந்தன. மூடிய செங்கல்லைக் கடந்து இடைவெளிக்குள் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் வரை இப்படலம் நீண்டிருக்க வேண்டும். விளிம்போடு நிறுத்திவிட்டால், சிதறி விழும் கலவைக் கட்டி ஒன்றே ஈரத்திற்குப் பாலமாகிவிடும்.

திறப்பின் நான்கு பக்கங்களும் ஒரே தன்மையன அல்ல. அடிப்பக்கத்தில் மழைநீர் தேங்க வாய்ப்புண்டு. ஆதலின் சாளர அடிப்பலகையின் கீழே விரிக்கப்படும் படலம், பின்பக்கத்திலும் இரு முனைகளிலும் மேல்நோக்கி மடிக்கப்படுகிறது. பக்கவாட்டில் நிலைக்கால்களை ஒட்டிச் செங்குத்துப் படலம் நிற்கிறது. மேற்பக்கமே மிகுந்த கவனத்திற்குரியது. மேலுள்ள சுவரின் இடைவெளியில் வழிந்து இறங்கும் நீர் முழுவதும், லிண்டல் எனப்படும் மேல்விட்டத்தின்மீது வந்து விழும். அதனை வெளியே திருப்பிவிட, உட்சுவரிலிருந்து வெளிச்சுவரை நோக்கிச் சரிந்த தட்டு போன்ற ஒரு படலம் அமைக்கப்படுகிறது. தட்டின் இரு முனைகளிலும் நீர் பக்கவாட்டில் வழியாதபடி தடுப்புகள் உண்டு. தட்டில் சேரும் நீர் வெளியேற, வெளிச்சுவரின் செங்கல் இணைப்புகளில் வடிதுளைகள் விடப்படுகின்றன. ஒவ்வொரு திறப்பின் மேலும் குறைந்தது இரு துளைகள் வேண்டும்; ஒன்றுக்கொன்று 900 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருத்தல் ஆகாது என்பது பிரிட்டனில் பின்பற்றப்படும் நடைமுறை.

இவை அனைத்திலும் ஒரே விதி செயற்படுகிறது. ஓடு வேயும்போது மேல்ஓடு கீழ்ஓட்டின்மீது கவிந்திருப்பது போல, மேலேயுள்ள படலம் கீழேயுள்ள படலத்தின்மீது கவிந்திருக்க வேண்டும். வரிசை மாறினால், நீரைத் தடுக்க வைத்த படலமே நீரை உள்ளே அழைத்துவரும்.

வெப்பத்தைக் காத்தல்

செங்கல்லைத் திருப்பி அடுக்கும் பழைய முறை நீரைத் தடுத்தது. ஆனால் வெப்பத்தைத் தடுக்கவில்லை. சுவரின் பிற பகுதிகளில் வெப்பக்காப்புப் பொருள் இருக்க, திறப்பின் ஓரங்களில் மட்டும் செங்கல் உள்ளிருந்து வெளிவரை தொடர்ச்சியாக நின்றது. வெப்பம் அவ்வழியே எளிதாக வெளியேறியது. இத்தகைய இடத்தை வெப்பப் பாலம் என்பர்.

வெப்பப் பாலத்தின் தீங்கு எரிபொருள் வீணாவதோடு நிற்பதில்லை. 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையும் 60 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் உள்ள அறையை எண்ணிப் பார்க்கலாம். அவ்வறைக் காற்றின் பனிநிலை ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸ். குளிர்காலத்தில் சாளர ஓரத்துச் சுவர்ப்பரப்பு அந்நிலைக்குக் கீழே குளிர்ந்தால், காற்றிலுள்ள நீராவி அங்கே துளிகளாகப் படியும். மழை ஒரு துளிகூட உள்ளே வராமலேயே சுவர் நனையும். நனைந்த இடத்தில் பூஞ்சை படரும். பூஞ்சை படர்ந்த வீட்டில் வாழும் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் மூச்சுத் தொல்லைகள் மிகுகின்றன.

இக்குறையைப் போக்கவே இன்று இடைவெளி அடைப்பான்கள் பயன்படுகின்றன. வெப்பக்காப்புப் பொருளை உள்ளடக்கிய நீண்ட பட்டைகளாக இவை கிடைக்கின்றன. இவை வாயை மூடுகின்றன. ஈரத்தடுப்புப் படலத்தின் பணியையும் செய்கின்றன. வெப்பப் பாலத்தையும் துண்டிக்கின்றன. ஆயினும் பட்டையை இடைவெளியின் அகலத்திற்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூலைகளில் இடுக்கு விழாதபடி வெட்டிப் பொருத்த வேண்டும். இடுக்கு விழுந்த இடத்தில் நுரையைப் பீய்ச்சி மறைத்துவிடுவது வேலையை முடித்ததுபோல் தோன்றும். அது காற்றைத் தடுக்கலாம். ஆனால் சாதாரண நுரை நெருப்பில் எரியக்கூடியது. எனவே மூன்றாம் கேள்விக்கு அது விடையாகாது.

தெரியுமா?

திறந்த வெளியில் எரியும் சுடர் எல்லாப் பக்கங்களிலிருந்தும் காற்றைப் பெறுகிறது. குறுகிய இடைவெளிக்குள் சிக்கிய சுடருக்கு அவ்வாய்ப்பு இல்லை. காற்றையும் எரிபொருளையும் தேடி அது மேல்நோக்கி நீள்கிறது. தன் இயல்பான நீளத்தைப்போல் ஐந்து முதல் பத்து மடங்குவரை நீளக்கூடும். இடைவெளியின் இருபுறமும் எரியாத பொருள்களே இருந்தாலும் இவ்வாறு நிகழும். புகைபோக்கி புகையை மேலிழுப்பது போலவே, சுவரின் இடைவெளி நெருப்பை மேலிழுக்கிறது.

நெருப்பின் வழி

அடுக்குமாடிக் கட்டடங்களில் தீப்பாதுகாப்பின் அடிப்படை, ஒவ்வொரு வீட்டையும் தனித்த பெட்டியாக அமைப்பதாகும். ஒரு வீட்டில் தீப்பற்றினால், அதன் சுவர்களும் தளமும் கதவும் தீயணைப்பு வீரர்கள் வரும்வரை நெருப்பை அவ்வீட்டிற்குள்ளேயே நிறுத்திவைக்க வேண்டும். ஆனால், வெளிச்சுவரின் இடைவெளி ஒரு தளத்திலிருந்து மறுதளத்திற்குத் தொடர்ந்து சென்று, ஒவ்வொரு சாளரத்தின் ஓரத்திலும் அதன் வாய் திறந்திருந்தால், பெட்டிகள் அனைத்தையும் இணைக்கும் மறைவழி ஒன்று உருவாகிவிடும்.

இதனால்தான் இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான வழிகாட்டி, கதவு சாளரத் திறப்புகளைச் சுற்றி இடைவெளியின் விளிம்புகளை மூட வேண்டும் என்கிறது. அங்கே வைக்கப்படும் தடுப்பு பொதுவாக 30 நிமிடம் சுடர் ஊடுருவாமல் காக்க வேண்டும். 15 நிமிடம் வெப்பம் மறுபக்கம் கடக்காமல் தடுக்க வேண்டும். திறப்புகளின் ஓரத்திற்கு 0.5 மில்லிமீட்டர் எஃகுத் தகடு, 38 மில்லிமீட்டர் மரம், இறுக்கித் திணித்த கனிமக் கம்பளி, 12 மில்லிமீட்டர் சிமெண்டு அல்லது ஜிப்சப் பலகை போன்ற எளிய பொருள்களே போதும் என்றும் அவ்வழிகாட்டி ஏற்றுக்கொண்டுள்ளது. இவற்றுள் எதுவும் அரிய பொருளன்று. விலைமிக்க பொருளும் அன்று.

கிரென்ஃபெல் கோபுரம்

எளிய பொருள்களால் செய்யக்கூடிய இவ்வேலை செய்யப்படாமல் போனால் என்ன நேரும் என்பதற்கு, மேற்கு இலண்டனில் நின்ற கிரென்ஃபெல் கோபுரம் துயரமான சான்றாகும். 24 தளங்களைக் கொண்ட அக்குடியிருப்பு 1974ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. அதன் புறச்சுவர் திண்மையான கான்கிரீட்டால் ஆனது. 2016இல் நிறைவுற்ற புதுப்பிப்பு வேலையின்போது, அச்சுவரின்மீது வெப்பக்காப்பு நுரைப் பலகைகள் பொருத்தப்பட்டன. அவற்றின் வெளியே இடைவெளி விட்டு, அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பாலிஎத்திலீன் வைத்த பலகைகள் போர்த்தப்பட்டன. திண்மையான சுவர் இவ்வாறு இடைவெளிச் சுவராக மாறியது.

அதே வேளையில் சாளரங்களும் மாற்றப்பட்டன. புதிய சாளரங்கள் பழைய இடத்திலிருந்து வெளிப்புறமாக நகர்த்தி வைக்கப்பட்டன. அதனால் பழைய கான்கிரீட் விளிம்புக்கும் புதிய சாளரச் சட்டத்திற்கும் நடுவே இடுக்கு உண்டாயிற்று. செயற்கை ரப்பர் படலத்தாலும் எரியக்கூடிய நுரைப் பலகைகளாலும் அவ்விடுக்கை மூடி, உட்பக்கத்தில் பி.வி.சி. பலகைகளைப் பதித்தனர். அறைக்குள்ளிருந்து பார்ப்பவர்க்கு வேலை செம்மையாக முடிந்ததாகவே தோன்றியது. மழை வரவில்லை, குளிரும் வரவில்லை. ஆனால் சாளரங்களைச் சுற்றி நெருப்பைத் தடுக்கும் தடுப்பு வைக்கப்படவில்லை.

2017 ஜூன் 14 அன்று நள்ளிரவு கடந்து ஒரு மணியாவதற்குச் சற்று முன், நான்காம் தளத்து வீடொன்றின் சமையலறையில் குளிர்பதனப் பெட்டியில் தீப்பற்றியது. ஒரு வீட்டிற்குள் அடங்கியிருக்க வேண்டிய தீ அது. நீதியரசர் சர் மார்ட்டின் மூர்-பிக் தலைமையிலான பொது விசாரணை, 2019 அக்டோபரில் வெளியிட்ட முதற்கட்ட அறிக்கையில் அடுத்து நிகழ்ந்ததை ஆராய்ந்தது. சூடான புகை சாளர ஓரத்து பி.வி.சி. பலகையைத் தாக்கி, அது உருக்குலைந்து விழுந்ததால் உண்டான திறப்பின் வழியே நெருப்பு புறச்சுவரின் இடைவெளியை அடைந்திருக்க மிகுந்த வாய்ப்புண்டு என்பது அதன் முடிவு. பி.வி.சி., நீர் கொதிக்கும் வெப்பநிலையை எட்டும் முன்னரே இளகத் தொடங்கும் பொருள் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

இடைவெளியை அடைந்த நெருப்பு அரைமணி நேரத்திற்குள் கட்டடத்தின் உச்சியைத் தொட்டது. மேலே ஏறிய நெருப்பு பின்னர்ப் பக்கவாட்டிலும் பரவி, வெளியிலிருந்து உள்ளே, சாளர ஓரங்களின் வழியாகவே பல வீடுகளுக்குள் நுழைந்தது. 72 உயிர்கள் பறிபோயின. தீ பரவியதற்கு முதன்மைக் காரணம் பாலிஎத்திலீன் கொண்ட புறப்பலகைகளே என்று விசாரணை கண்டறிந்தது. சாளர ஓரத்தை மட்டும் சரியாக மூடியிருந்தால் அனைத்தையும் தவிர்த்திருக்கலாம் என்று எளிதாகக் கூறிவிட இயலாது. எனினும், ஒரு சமையலறையின் தீயைக் கட்டடத்தின் தீயாக மாற்றிய முதல் வாயில் சாளரத்தின் விளிம்பே என்பதை மறத்தற்கில்லை.

மூடுதலும் வழிவிடுதலும்

நீரையும் நெருப்பையும் ஒருசேர எண்ணும்போது ஒரு முரண் எழுகிறது. இடைவெளிக்குள் வந்த நீர் வெளியேற வேண்டும். அதற்கு வழி திறந்திருக்க வேண்டும். நெருப்பு நுழையக்கூடாது, அதற்கு வழி மூடியிருக்க வேண்டும். இம்முரணைத் தீர்க்கும் ஒரு பொருளும் உருவாக்கப்பட்டுள்ளது. தளத்திற்குத் தளம் கிடைமட்டமாக வைக்கப்படும் சிலவகைத் தடுப்புகளின் விளிம்பில், வெப்பம் பட்டால் பன்மடங்கு உப்பும் பட்டை ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். இயல்பான நாள்களில் பட்டைக்கும் புறப்பலகைக்கும் நடுவே காற்றும் நீரும் செல்ல வழி இருக்கும். தீ மூண்டால் பட்டை உப்பி அவ்வழியை அடைத்துவிடும்.

ஆயினும் எவ்வளவு சிறந்த பொருளும் பொருத்துபவரின் கையைப் பொறுத்தே பயன் தரும். கிரென்ஃபெல் கோபுரத்தின் புறச்சுவரில் வேறிடங்களில் தடுப்புகள் இருந்தன. அவற்றுள் பல சரியாக வெட்டப்படாமலும் இடுக்கு விழப் பொருத்தப்பட்டும் இருந்தன. சில திசை மாறியும் வைக்கப்பட்டிருந்தன. பொருள் இருந்தும் பயன் இல்லாமற்போனது.

நம் மண்ணில்

இடைவெளிச் சுவர் நமக்கு முற்றிலும் அயலானதன்று. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1917இல் பிறந்து, கேரளத்தைத் தம் வாழ்விடமாகக் கொண்ட கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், எலிப்பொறிக் கட்டு என்னும் முறையை இங்கே பரப்பினார். செங்கற்களைப் படுக்கையாக வைக்காமல் விளிம்பில் நிறுத்தி அடுக்குவதால் சுவரின் நடுவே வெற்றறைகள் உண்டாகின்றன. ஏறத்தாழ கால் பங்கு செங்கற்கள் மிச்சமாகின்றன. வீட்டினுள் வெப்பமும் குறைகிறது. தமிழகத்திலும் சில கட்டடங்களில் இம்முறை கையாளப்படுகிறது. இம்முறையிலும் கதவு, சாளர நிலைகளின் ஓரங்களிலும், அடிப்பலகையின் கீழும், லிண்டல் மட்டத்திலும் வெற்றறைகள் இன்றித் திண்மையாகவே கட்ட வேண்டும் என்பது விதி. நிலையைத் தாங்கும் வலிமையும் வெற்றறைகளை மூடும் காப்பும் அதனால் கிடைக்கின்றன.

நகரங்களில் எழும் கண்ணாடிப் போர்வைக் கட்டடங்கள் மற்றொரு வகையில் இதே சிக்கலை எழுப்புகின்றன. தளத்தின் விளிம்புக்கும் வெளிக்கண்ணாடிக்கும் நடுவே கீழிருந்து மேல்வரை இடைவெளி உண்டாகிறது. தளத்திற்கு இணையான தீத்தாங்கு திறன் கொண்ட பொருளால் ஒவ்வொரு தளத்திலும் அவ்விடைவெளியை அடைக்க வேண்டும் என்று இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 வலியுறுத்துகிறது. நாடும் பொருளும் வேறாயினும் விதி ஒன்றே: இடைவெளி விட்டவர், அது முடியும் இடத்தை மூடவும் வேண்டும்.

கண்ணில் படாத வேலை

கிரென்ஃபெல் துயரத்திற்குப் பின் இங்கிலாந்தில் விதிகள் இறுகின. 18 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள குடியிருப்புகளின் புறச்சுவரில் எரியக்கூடிய பொருள்களைப் பயன்படுத்த 2018இல் தடை விதிக்கப்பட்டது. 2022இல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. உயரமான குடியிருப்புகளில் எந்தப் பொருள், எங்கே, எவ்வாறு வைக்கப்பட்டது என்னும் விவரங்கள் கட்டடத்தின் வாழ்நாள் முழுவதும் பேணப்பட வேண்டும் என்பது இன்றைய நெறி. 2024 செப்டம்பரில் வெளிவந்த விசாரணையின் இறுதி அறிக்கை, அரசும் கட்டுமானத் துறையின் பொறுப்பாளர்களும் பல பத்தாண்டுகளாகச் செய்யத் தவறியவற்றின் முடிவே அத்துயரம் எனச் சுட்டியது.

சட்டங்கள் இருப்பினும், சாளர ஓரத்தில் அடைப்பானைப் பொருத்தும் நேரம் மிகக் குறைவானது. அடுத்த நாளே அதன்மீது பலகையோ பூச்சோ ஏறிவிடும். அதன்பின் அது சரியாக உள்ளதா என்பதைச் சுவரை உடைத்தாலன்றி எவராலும் காண முடியாது. எனவே, மூடுவதற்கு முன் மேற்பார்வையாளர் ஒவ்வொரு திறப்பையும் நேரில் பார்ப்பதும், ஒளிப்படம் எடுத்துப் பதிவுசெய்வதும் நல்ல நடைமுறையாகும். சாளரம் வைக்கும் தச்சர், சுவர் எழுப்பும் கொத்தனார், வெப்பக்காப்புப் பதிப்பவர் ஆகிய மூவரின் வேலையும் சந்திக்கும் இடம் அது. மூவரும் மற்றவர் செய்வார் என்று விட்டுவிட்டால், அவ்விடம் எவருடைய வேலையும் ஆகாமற்போகும். வரைபடத்திலேயே அதனை ஒருவரின் பொறுப்பாகக் குறித்துவிட வேண்டும்.

ஒரு வீட்டில் குடியேறுபவர் சாளரத்தின் அழகைப் பார்க்கிறார். அதன் ஓரத்தில் மறைந்துள்ள ஒரு சாண் பட்டையை அவர் ஒருபோதும் பார்ப்பதில்லை. அங்கே வேலை முறையாக முடிந்திருக்கும் என்று நம்பியே ஒவ்வோர் இரவும் உறங்கச் செல்கிறார். எவரும் காணாத இடத்திலும் அந்நம்பிக்கைக்கு உரியவாறு வேலையை முடிப்பதே கட்டடத் தொழிலின் அறமாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீடு அல்லது பள்ளியிலுள்ள சாளரம் ஒன்றை உற்றுநோக்கி, அதன் நான்கு பக்கங்களிலும் மழைநீரைத் தடுக்கச் செய்யப்பட்டுள்ள அமைப்புகளைப் பட்டியலிடுக.

2. உங்கள் ஊரிலுள்ள கொத்தனார் அல்லது தச்சர் ஒருவரைக் கண்டு, நிலைக்கும் சுவருக்கும் நடுவேயுள்ள இடுக்கை அவர் எவ்வாறு அடைக்கிறார் எனக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

3. ‘பொருளின் தரமா, பொருத்துபவரின் கவனமா – கட்டடப் பாதுகாப்பில் முதன்மையானது எது?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நடத்துக.